வெள்ளைப்புள்ளி நோயா? வலையை வெயிலில் போடுங்கள்

வெள்ளைப்புள்ளி வந்த மீன்தொட்டியில் புழங்கிய வலை, பக்கெட், சைஃபன் குழாயை (தொட்டி நீரை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்) கழுவி, வெயிலில் சருகாய்க் காயவிட்டு, அதன்பின் இன்னும் ஒரு நாள் விட்டு எடுங்கள். இந்தச் சாமான்களுக்கு மருந்துச் செலவு மிச்சம். இந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி தன் வளர்ச்சியின் எந்தப் பருவத்திலும் ஈரமில்லாமல் பிழைக்காது. ஆனால் முழுக்கக் காய வேண்டும்: வலைத்துணி கம்பியில் மடித்துத் தைத்த இடத்தில் ஈரம் ஒளிந்திருக்கும், விரலால் அழுத்திப் பாருங்கள். குழாயின் இரு வாயும் கீழே பார்க்கத் தொங்கவிட்டால்தான் உள்ளே நீர் தேங்காது.

ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் காயவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா அதில் இருக்கிறது; அது செத்தால் நீரில் அம்மோனியா ஏறிவிடும். ஸ்பாஞ்ச் தொட்டியிலேயே, மீனுக்குப் போடும் மருந்தோடு ஓடட்டும். மீன் காசநோய் போன்ற பாக்டீரியா நோய்களுக்கு இந்த வெயில் வைத்தியம் பத்தாது.