ஃபேக்டரி ஷாப் ஃப்ளோர்ல டீம் பாக்குறவங்களுக்கு ஒரு டிப்

ஷிஃப்ட் ஹேண்டோவரை ரூம்ல உக்காந்து முடிக்காதீங்க, மெஷின் பக்கத்துலயே நின்னு பேசுங்க, அப்பதான் "அந்த சென்சார் ராத்திரி ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சு, ரீசெட் பண்ணி ஓட்டினோம்"னு ரெஜிஸ்டர்ல ஏறாத விஷயமெல்லாம் வெளிய வரும். அப்புறம் முக்கியமா, ஆபரேட்டர் லைன நிறுத்தினா "யாரு நிறுத்துனது"னு ஆரம்பிக்காதீங்க. டொயோட்டால ஆண்டான் (andon) கயிறு, அதாவது பிரச்சனைன்னா ஆபரேட்டர் உதவிக்கு கூப்பிட இழுக்குற கயிறு, அத இழுத்த உடனே லைன் நிக்காது, டீம் லீடர் வந்து பாப்பாரு, அந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ள சரியாகலன்னாதான் நிக்கும். கூப்பிட்டா ஆள் வரணும், அவ்ளோதான். வரலன்னா அடுத்த தடவ யாரும் கூப்பிட மாட்டாங்க, டிஃபெக்ட் அப்படியே அடுத்த ஸ்டேஷனுக்கு போயிடும் (லைன் நிலவரம் காட்டுற போர்டுல மட்டும் பச்சை லைட் ஜம்முனு எரியும்). உங்களால உடனே சரி பண்ண முடியலன்னாலும், மெயின்டெனன்ஸ் எப்ப வருவாங்கன்னு அதே ஷிஃப்ட்டுக்குள்ள கூப்பிட்ட ஆபரேட்டர்கிட்ட நேர்ல போய் சொல்லிடுங்க.