விண்வெளிப் பசுமைக்குடில்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருடக்கணக்கில் விண்வெளியில் மனிதர்கள் தங்க வேண்டுமென்றால் சாப்பாட்டையும் மூச்சுக்காற்றையும் பயிர்தான் தர வேண்டும். அதற்கு ஒத்திகையாக, காற்றுப் புகாத பெட்டிக்குள் செடி வளர்க்கும் மாணவர்களுக்கு உதவி வருகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். உரம் கூடிப்போனது, விதை முளைக்காதது எல்லாம் அவர்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும். அறுவடையில் போய்த்தான் தெரியும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எத்திலீனை மறப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். கரியமில வாயு, ஈரப்பதம், வெப்பம் எல்லாவற்றையும் அளப்பார்கள். எத்திலீன் எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள்.

வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். செடியே அதை வெளிவிடுகிறது. வயலில் காற்றோடு போய்விடும். மூடிய பெட்டியில் நாளுக்கு நாள் சேரும். காற்றின் நூறு கோடிப் பங்கில் சில பத்துப் பங்கு இருந்தாலே கோதுமை விளைச்சல் குறையும்.

ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்திலிருந்த ஸ்வெட் என்ற பசுமைக்குடிலில் 1996-97ல் 'சூப்பர் ட்வார்ஃப்' கோதுமை விதைத்தார்கள். தளதளவென்று வளர்ந்து கதிரும் தள்ளியது. பிரித்துப் பார்த்தால் ஒரு மணி இல்லை, அத்தனையும் பதர். எடையின்மை காரணமில்லை, நிலையத்துக் காற்றிலிருந்த எத்திலீன்தான் என்று பிறகு தெரிந்தது. 1998-99ல் 'அபோஜி' ரகத்தை விதைத்தபோது அதே குடிலில் மணி பிடித்தது.

எத்திலீன் கூடினால் தக்காளியில் இலைக்காம்பு கீழே வளையும், ஆனால் இலை வாடியிருக்காது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றி வேரையும் அழுகவிடுகிறார்கள். கோதுமையில் இலையைப் பார்த்துத் தெரியாது. பூக்கும் சமயம் உமியை நகத்தால் விலக்கி, மகரந்தப்பையைக் கறுப்புத் தாளில் தட்டுங்கள். மஞ்சள் தூள் உதிரவில்லையென்றால் கதிர் பால் பிடிக்காது.

எத்திலீனை நீக்க, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊறிய குருணையைக் காற்று சுற்றும் பாதையில் விதைத்த அன்றே வையுங்கள். ஊதா பழுப்பானதும் மாற்றுங்கள். பழுக்கிற தக்காளியையும் பூக்கிற கோதுமையையும் ஒரே காற்றில் விடாதீர்கள்.

ஆக்சிஜன் கணக்கில் வைக்கோலை விடுவது

பயிர் விட்ட ஆக்சிஜன் முழுவதும் மனிதருக்கென்று கணக்குப் போடுகிறார்கள். வைக்கோல் மக்கினால் அதற்கு ஈடான ஆக்சிஜனை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் அரிசோனாவில் காற்றுப் புகாமல் கட்டிய பயோஸ்பியர் 2 என்ற சோதனைக் கூடத்துக்குள் 1991ல் 8 பேர் போனார்கள். மட்கு நிறைந்த மண்ணின் நுண்ணுயிர்கள் உறிஞ்சியதில் 20.9 சதவீத ஆக்சிஜன் 14.5க்கு இறங்கி, வெளியிலிருந்து செலுத்த வேண்டி வந்தது.

இரவில் காற்றாடியை நிறுத்துவது

வேண்டாம். எடையின்மையில் சூடான காற்று தானாக மேலெழாது. இலை விட்ட ஈரம் இலையைச் சுற்றியே நிற்கும். 2015ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜின்னியா பூச்செடிக்குப் பூஞ்சை வந்தது ஈரம் மிஞ்சியதால்தான்.

சிவப்பு, நீல விளக்கு மட்டும் வைப்பது

கொஞ்சம் பச்சையும் சேருங்கள். இல்லாவிட்டால் இலை மஞ்சளாவது கண்ணுக்கே தெரியாது.