நிறுவனக் காணொளிகள்: மாற்றுத்திறனாளிகளை வெளியே நிறுத்தும் தவறுகள்

படப்பிடிப்பும் தொகுப்பும் முடிந்து, வெளியிடும் நாளுக்கு முன்பு மாற்றுத்திறனாளிகளை நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன. உலக மக்களில் சுமார் 16 விழுக்காட்டினர், ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் அவர்களில் இருக்கிறார்கள். வசனம் எழுதும்போதே அவர்கள் நினைவில் இருக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். "இந்த வரைபடத்தைப் பாருங்கள், விற்பனை எப்படி ஏறியிருக்கிறது!" என்று பேசுபவர் சொன்னால், பார்வையற்றவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. "விற்பனை 40 ஆயிரத்திலிருந்து 55 ஆயிரமாக உயர்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டால் காட்சியைக் குரலில் விளக்கும் காட்சி விவரணையைத் தனியாகச் சேர்க்கும் தேவையே பல இடங்களில் இல்லாமல் போகும். இதற்கு எந்தச் செலவும் இல்லை. ஆனாலும் தொலைபேசி எண்ணையும் கடைசித் தேதியையும் வெறும் இசையோடு திரையில் மட்டும் காட்டி முடிக்கும் காணொளிகள் வந்துகொண்டே இருக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்தது, கணினி தானாக எழுதித்தரும் சப்டைட்டிலை அப்படியே நம்புவது. பெயர்கள், எண்கள், துறைச் சொற்கள் ஆகியவற்றில்தான் அது அதிகம் தடுமாறுகிறது. "முடியாது" என்பது "முடியும்" என்று விழுந்தால், காது கேளாதவர் நேர் எதிரான தகவலோடு போவார். ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தியே ஆக வேண்டும். யார் பேசுகிறார், பின்னால் சிரிப்பா, கைதட்டலா, எச்சரிக்கை மணியா என்பதும் அதில் இருக்க வேண்டும். சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடாதீர்கள். தனிக் கோப்பாக இருந்தால்தான் பார்ப்பவர் எழுத்தைப் பெரிதாக்க முடியும். காட்சிகளையும் விவரிக்கும் முழு எழுத்துவடிவம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பார்வையும் செவித்திறனும் இல்லாதவர்கள் அதைத்தான் பிரெய்ல் கருவியில் தடவிப் படிக்கிறார்கள்.

சப்டைட்டில் இருந்தால் சைகைமொழி தேவையில்லை என்பதும் பிழையான எண்ணம். காது கேளாதோர் பலருக்கு முதல் மொழி சைகைமொழி. எழுத்து இரண்டாம் மொழி.

மின்னி மின்னி மறையும் காட்சிகளில் விளையாடாதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் சின்னத்தை அறிமுகப்படுத்த 2007இல் வெளியான அசைவூட்டக் காட்சியால் சிலருக்கு வலிப்பு வந்ததாகப் புகார் எழுந்து, அந்தப் பகுதி இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. எந்த நொடியிலும் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணைய உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. எனும் அணுகல் வழிகாட்டுதலின் அடிப்படை விதி. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு தேவை என்பதும் அதில் உண்டு. லாபம் பச்சை, நஷ்டம் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பினால், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர் தவறாகப் புரிந்துகொள்வார்.

நேரலைக் கூட்டங்களில் தவறுகள் வேறு விதம். இருவர் ஒரே நேரத்தில் பேசுவது, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முகத்தை இருட்டாக்கிக்கொள்வது (உதடசைவைப் படிப்பவருக்கு அங்கேயே வழி அடைபடுகிறது), ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்பாதது. சைகைமொழிபெயர்ப்பாளருக்கும் அவை முன்பே போய்ச் சேர வேண்டும். பேச்சு நடக்கும்போது அரட்டைப் பெட்டியில் செய்திகளைக் குவிப்பதும் கூடாது. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள், பலரிடம் ஒவ்வொரு செய்தியையும் பேசுபவரின் குரலுக்கு மேலேயே வாசிக்கும். முக்கியமான கேள்விகளை நடத்துநர் வாய்விட்டுப் படிக்கட்டும்.

காணொளி தானாக ஓடத் தொடங்குவதும் இதே தொல்லையைத் தருகிறது. திரைவாசிப்பானின் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும். அதை நிறுத்தும் பொத்தானைத் தேடவும் அந்தக் குரல்தான் வேண்டும். வெளியிடுவதற்கு முன் மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் காணொளியை ஓட்டி, நிறுத்தி, சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள். அதன்பின் மாற்றுத்திறனாளிகள் சிலரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அந்த வேலைக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள்.