மதுரைக் கண்மாய்களில் நீர்த்தடம் அமைப்பது எப்படி?

மதுரையில் படகுத்தடம் என்றதும் பலருக்கும் வைகையே நினைவுக்கு வரும். ஆனால் அணையில் தண்ணீர் திறக்கும் நாள்களையும் மழைக்காலத்தையும் தவிர, ஆறு பெரும்பாலும் மணலும் புதருமாகக் கிடப்பதால் அதை நம்பித் தடம் போடுவது வீண் வேலை. ஒன்று நிரம்பி வழியும் மறுகால் நீர் அடுத்ததற்கு வரத்தாக அமைந்த இரண்டு மூன்று கண்மாய்களைத் தேர்ந்தெடுத்து, நீர் நிற்கும் இடத்தில் பரிசலிலும் மற்ற இடங்களில் கரைமேல் நடந்தும் செல்லுமாறு தடம் அமைப்பதே பொருந்தும்.

ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறையிடமும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும். எனினும், அதற்கு முன்பே ஆயக்கட்டு விவசாயிகளிடமும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் பேசிவிடுவது நல்லது. வலை விரிக்கும் இடத்தின் குறுக்கே பரிசல் போனால் முதல் வாரத்திலேயே தகராறு வரும், அப்போது அரசாணை எதுவும் கைகொடுக்காது.

தடத்தை வரையும்போது, வயலுக்கு நீர் திறந்துவிடும் மடைக்குத்தான் அதிகக் கவனம் தேவை. மடை திறந்திருக்கையில் மேலே நீர் அசைவற்றுத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு கடுமையாக இருக்கும்; ஆகவே மடைத்தூண்களைச் சுற்றித் தள்ளி, காலி பிளாஸ்டிக் கேன்களைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டு எல்லை குறிக்க வேண்டும். உபரிநீர் வெளியேறும் கலிங்கில் தண்ணீர் வழியும் நாள்களில் பரிசலை இறக்கவே கூடாது. மிதவை அங்கி அணியாதவரை ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை அந்தப் பகுதியைத் தடத்திலிருந்து நீக்கிவிட்டு, கரையிலிருந்து இருநோக்கி (பைனாகுலர்) வழியாகக் காட்டலாம். மோட்டார் படகுக்கு இங்கே இடமே இல்லை.

வைகை நீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்தால்தான் வண்டியூர் தெப்பக்குளம் நிறையும் என்பது மதுரைக்காரர்கள் அறிந்ததே. கண்மாய்க்கும் அதே நிலைதான். எனவே வசூலாகும் கட்டணத்தை வண்ணப் பலகைக்கும் செல்ஃபி மேடைக்கும் செலவழிக்காமல், வரத்துக்கால்வாயிலுள்ள சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் அகற்றவே முதலில் ஒதுக்க வேண்டும். அக்டோபர் 2 கிராமசபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னர் கூடுவதால், அந்த வரவு செலவை அங்கேயே வாசித்து, வரும் பருவத்துக்கான தடத்தையும் பரிசல்களின் எண்ணிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளலாம்.