பிரேரி ஓடையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத் தலைநகர் ரெஜைனா வழியாக ஓடுகிறது வஸ்கானா ஓடை. நகருக்குள் பரந்த ஏரியாகத் தெரிவது, 1883இல் இதன் குறுக்கே அணை கட்டியதால் தேங்கிய தண்ணீர். நகருக்கு வெளியே பார்த்தால் கோதுமை வயல்களுக்கு நடுவே வளைந்து போகும் சின்ன ஓடைதான். மலையில் பிறக்கும் ஆறுகளைப் படித்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பெரிய தவறு, நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கணக்கிடுவதில் நடக்கிறது. மேடுகளை இணைத்து எல்லைக்கோடு வரைகிறோம். உள்ளே விழும் தண்ணீரெல்லாம் ஓடைக்கு வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். பிரேரியில், அதாவது கனடாவின் இந்தப் பரந்த புல்வெளிச் சமவெளியில், அப்படி வராது. பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற பள்ளங்கள் நிலமெங்கும் குட்டைகளாகக் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் இவற்றை 'ஸ்லூ' என்பார்கள். ஒரு ஸ்லூ நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். இல்லையென்றால் அங்கேயே நின்று வெயிலில் வற்றிவிடும். அதனால் கனடிய நீரியலாளர்கள் இரண்டு பரப்புகளைக் குறிக்கிறார்கள்: எல்லைக்கோட்டுக்குள் அடங்கும் மொத்தப் பரப்பு ஒன்று, சராசரியான ஒரு வருடத்தில் உண்மையிலேயே ஓடைக்குத் தண்ணீர் தரும் பரப்பு இன்னொன்று. முந்தைய இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்து குட்டைகள் நிரம்பியிருந்தால், அடுத்த வசந்தத்தில் இந்த இரண்டாவது பரப்பு சட்டென்று விரியும். வறண்ட வருடத்தில் சுருங்கிவிடும்.

இது புரியாமல் குட்டைகளை வீண் நிலமாகப் பார்ப்பது அடுத்த தவறு. விதைப்பு இயந்திரத்தை ஒவ்வொரு குட்டையையும் சுற்றி வளைத்து ஓட்டும் விவசாயியின் சிரமம் நியாயமானதுதான். ஆனால் வாய்க்கால் வெட்டி வடித்த தண்ணீர் கீழே இருப்பவர் தலையில்தான் போய் விழுகிறது. அதே மாகாணத்தின் கிழக்கே, சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்மித் ஓடைப் படுகையில் 1958இல் குட்டைகளும் ஈரநிலங்களும் 24 சதவீதம் இருந்தன. 2008இல் மிஞ்சியது 11 சதவீதம். அதே காலத்தில் வடிகால்களின் நீளம் 117 கிலோமீட்டரிலிருந்து 780 கிலோமீட்டராகியது. 1958இன் ஈரநிலங்கள் அப்படியே இருந்திருந்தால் 2011 வெள்ளத்தின் உச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று கணினி மாதிரி காட்டியது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு ஒரு ஸ்லூவையும் என்னால் வெறும் சேற்றுக்குட்டையாகப் பார்க்க முடியவில்லை.

ஜூலை மழையை வைத்து ஓடையை எடைபோடவும் கூடாது. கோடை மழையை மண்ணும் பயிரும் குடித்துவிடும். ஆண்டுப் பொழிவில் பனி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஓடையில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு அதிலிருந்துதான். ஏப்ரலில் பனி உருகும்போது அடிமண் இன்னும் உறைந்திருப்பதால், தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலாக ஓடிவருகிறது. அந்த நாட்களில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பிரேரியில் ஒரு மைல், இரண்டு மைல் இடைவெளியில் கட்டம் கட்டமாகச் சாலைகள் உண்டு. சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய் பனிக்கட்டியால் அடைத்துக்கொண்டால், சாலையே கரையாகிவிடும். ஒரு பக்கம் வயல் முழுக்கத் தண்ணீர், மறுபக்கம் வெறும் தரை. ஆட்கள் வந்து நீராவி பாய்ச்சிக் குழாயைத் திறந்துவிட்ட பிறகே ஓட்டம் தொடங்கும். நிலத்தின் உயரங்களைக் காட்டும் வரைபடத்தில் அந்தக் குழாய் தெரியாது. வரைபடத்தை மட்டும் நம்பிக் கணினியில் ஓட்டப்பாதை வரைந்தால், தண்ணீர் போகாத பக்கமெல்லாம் கோடு போகும்.

பள்ளத்தாக்கின் அகலத்தைப் பார்த்து ஆற்றின் வலிமையை ஊகிப்பதும் தவறு. லம்ஸ்டன் அருகே வஸ்கானா போய்ச் சேரும் க்வாப்பெல் ஆறு, அகன்ற பள்ளத்தாக்கின் அடியில் நூல்போலக் கிடக்கிறது. பள்ளத்தாக்கை வெட்டியது இந்த ஆறு அல்ல. பனிப்பாறைகள் உருகி ஓடிய பெருவெள்ளம். தெற்கே அமெரிக்க எல்லை பக்கமாக இருப்பதால் இந்தத் தண்ணீர் மிசிசிப்பிக்குப் போகும் என்று நினைக்க வேண்டாம். அசினிபாயின் ஆறு, ரெட் ஆறு, வினிபெக் ஏரி, நெல்சன் ஆறு என்று சுற்றி ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது.

நீரோட்டத்தை அளக்கும் நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ரெஜைனாவைத் தாண்டிய கீழ்ப்பகுதியில் ஓடுவது பெரும்பாலும் நகரம் சுத்திகரித்து விடும் கழிவுநீர். அங்கே அளந்த எண்ணை வைத்து நகருக்கு மேற்பகுதியிலும் ஓடை ஓடுகிறது என்று எழுதிவிடாதீர்கள். மேலே அந்த மாதங்களில் பனி மூடிய தடம்தான் இருக்கும்.