மழை இறங்க இறங்கச் சரிவின் உறுதி எவ்வளவு குறையும்? கணக்கிடும் முறை

நீலகிரியில் சார்னோகைட் பாறை மக்கி உண்டான மண் மூடிய மலைச்சரிவுகள் வறண்ட மாதங்களில் அசையாமல் நிற்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் நடந்ததுபோல, பெருமழையில் சரிந்துவிடும். ஈரம் குறைந்த மண்ணில், துளைகளிலுள்ள நீரின் உறிஞ்சல் மண்துகள்களை இறுக்கிப் பிடிக்கிறது. மழைநீர் இறங்கும்போது அந்தப் பிடி போய்விடுகிறது.

மென்பொருளைத் திறக்கும் முன் எக்செல்லில் ஒரு கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு: சரிவு 35 பாகை, 2 மீட்டர் ஆழத்தில் கடினப் பாறை, பிணைப்பு (மண்துகள்கள் ஒட்டிக்கொள்ளும் வலிமை) 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 30 பாகை, உறிஞ்சலுக்கான கோணம் (உறிஞ்சலால் வலிமை எவ்வளவு கூடும் என்பதைக் காட்டுவது) 15 பாகை. மண்ணின் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், நனைந்தபின் 19.5. இழுக்கும் தகைவு என்பது எடை × ஆழம் × சைன் × கோசைன். தாங்கும் வலிமைக்குப் பிணைப்பு, உராய்வு, உறிஞ்சல் மூன்றின் பங்கையும் கூட்டுங்கள். வலிமையை இழுப்பால் வகுத்தால் பாதுகாப்புக் குணகம். அது 1-க்குக் கீழே போனால் சரிவு நிற்காது.

உறிஞ்சல் 20 கிலோபாஸ்கல் இருக்கையில் குணகம் 1.44. உறிஞ்சல் முழுதும் போனால் 1.10. பாறைமேல் அரை மீட்டர் நீர் தேங்கினால் 0.99, ஒரு மீட்டர் என்றால் 0.89.

அடுத்து, ஈரம் அந்த ஆழத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நீர் மண்ணில் இறங்கும் வேகத்தைக் கணக்கிடும் கிரீன்-ஆம்ப்ட் சமன்பாடு போதும். மண்ணின் ஊடுருவுதிறன் மணிக்கு 10 மி.மீ., ஈர எல்லையில் (நனைந்த மண்ணும் வறண்ட மண்ணும் சந்திக்கும் இடத்தில்) உறிஞ்சல் 200 மி.மீ. நீர்த்தூண் உயரம், நிரம்பக் காத்திருக்கும் துளைவெளி 20 சதவீதம் என்றால், 400 மி.மீ. நீர் உள்ளே போக வேண்டும். மழை விடாமல் பெய்தாலும் சுமார் 30 மணி நேரம் பிடிக்கும். முந்தைய வாரமே மழை பெய்து காலித் துளைவெளி 8 சதவீதமாகச் சுருங்கியிருந்தால் 160 மி.மீ., சுமார் 12 மணி நேரமே போதும். அதனால்தான் மழையின் அளவைவிடத் தொடக்க ஈரத்தைச் சரியாகக் கொடுப்பது முக்கியம்.

சீப்/டபிள்யூ, ஹைட்ரஸ் போன்ற, மண்ணில் நீர் நகர்வதைக் கணக்கிடும் மென்பொருள்களில் பெரும்பாலான கணக்கு ஓட்டங்கள் கெடுவதும் இங்கேதான். நிலத்தடி நீர்மட்டம் 10 மீட்டர் கீழே என்று கொடுத்துவிட்டால், மேற்பரப்பில் 98 கிலோபாஸ்கல் உறிஞ்சலை மென்பொருளே போட்டுக்கொள்ளும். சரிவு பொய்யாக உறுதியாகத் தெரியும். ஒரு மாதத்துக்கு முந்தைய மழையிலிருந்து ஓட்டத்தைத் தொடங்குங்கள். முடிந்தால், மண்ணின் உறிஞ்சலை அளக்கும் டென்சியோமீட்டர் அளவோடு ஒப்பிடுங்கள்.

மழையைத் தினசரி சராசரியாகக் கொடுக்காதீர்கள். 3 மணி நேரத்தில் கொட்டிய 120 மி.மீ. மழையில், மேலே சொன்ன வறண்ட மண்ணுக்குள் சுமார் 70 மி.மீ.தான் இறங்கும், மீதி வழிந்தோடும். அதையே 24 மணிக்குப் பரப்பினால் 120 மி.மீ.யும் உள்ளே போனதாகக் கணக்கு காட்டும். மணிவாரி அளவு அவசியம். ஊடுருவுதிறனை ஆய்வகச் சிறு மாதிரியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம்: வேர்த்துளையும் வெடிப்பும் அதில் அகப்படுவதில்லை. களத்தில் இரட்டை வளைய ஊடுருவல்மானி வைத்து அளப்பதே நம்பகமானது.

கணக்குக்காக மென்பொருள் மண்ணைப் பிரிக்கும் வலைக் கண்ணிகள் மேல் அரை மீட்டரில் 5 செ.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். பெரிதானால் ஈர எல்லை மங்கிவிடும். ஓட்டம் முடிந்ததும் பெய்த மழை, வழிந்தது, மண்ணில் சேர்ந்தது, அடியில் வெளியேறியது நான்கையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1 சதவீதத்துக்கு மேல் பிசகினால் காலப்படியை (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளியை) குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அதுவரை வந்த குணகத்தைப் பயன்படுத்தாதீர்கள்.