ஊட்டிக் குளிரில் வெந்நீருக்கு எதை நம்புவது?

ஊட்டிப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது வெந்நீரைப் பற்றித்தான். நான் ஊட்டிக்குப் பக்கத்து எமரால்டில் வளர்ந்தவன். அப்பா குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவர். "நம்ம கரண்ட் தண்ணீரில் வருவது, புகையே கிடையாது" என்று கீஸரை மாட்டிவிட்டு ரொம்ப நாள் நிம்மதியாக இருந்தேன். பைக்காராவில் 1932 முதலே மின்சாரம் எடுக்கிறார்கள், சரி. ஆனால் அது நம் வீட்டுக்கென்று தனிக் கம்பியில் வருவதில்லையே! மேட்டூர் நிலக்கரிக் கரண்டோடு கலந்துதான் வருகிறது. அணைக்கும் ஒரு விலை உண்டு: எமரால்டு, அவலாஞ்சி நீருக்கு அடியில் கிடப்பது மலையின் புல்வெளியும் சோலையும்.

ஒரு வாளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற கீஸருக்கு ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். நாட்டின் சராசரிக் கரண்டில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. ஆக வாளிக்கு 400 கிராமுக்கு மேல். கேஸ் அடுப்பில் அதே வாளிக்கு 80 கிராம் கேஸ் போதும், வெளிவருவது 240 கிராம் கரியமில வாயு. மண்ணடுப்பில் ஒரு கிலோ விறகு போய்விடும். கேஸ் ஜெயித்ததில் எனக்கே ஆச்சரியம்தான்.

வெயில் மாதங்களுக்கு சோலார் ஹீட்டர் வையுங்கள், தெற்குப் பார்த்து, மர நிழல் விழாத இடத்தில். வாங்கும்போது உறைபனியைப் பற்றிக் கேளுங்கள். எனக்கு விற்ற கடைக்காரர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தட்டைத் தகடு வகையைத் தலையில் கட்டிவிட்டார். ஜனவரியில் ஒரு விடியற்காலை மொட்டை மாடியில் டப்பென்று சத்தம். ஏறிப் பார்த்தால் செம்புக் குழாய் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது, உள்ளே பனிக்கட்டி. இப்போது இருப்பது கண்ணாடிக் குழாய் வகை. வெளியே ஓடும் பைப்புக்கும் பஞ்சுறை சுற்றியிருக்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிக்கொள்ளும், சோலார் படுத்துவிடும். அந்த மாதங்களில் கீஸர் போடலாம். இங்கே மேகத்தைத் தள்ளிவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து உடுமலைப் பக்கக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கரண்டில் காற்றின் பங்கு கூடுகிற காலம் அது. காலையும் மாலையும் எல்லோரும் சுவிட்சைத் தட்டும் நேரம். அதனால் மதியமே காய வைத்துவிடுங்கள். நல்ல உறை போட்ட தொட்டி ராத்திரி வரை சூடு தாங்கும்.

விறகுதான் என்றால் சீகை (வாட்டில்) மரம் எரியுங்கள். வெளியிலிருந்து வந்து புல்வெளியை விழுங்கிய மரம் அது. சோலை மரத்தைத் தொடவே கூடாது. சொந்தத் தோட்டத்து மரமானாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்ட அனுமதி வேண்டும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் ஒரு கோடை காயட்டும். ஈர விறகு தண்ணீரைக் காய்ச்சுவதற்கு முன் கண்ணைக் கரித்துவிடும்.

அப்புறம், குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கீஸரும் அப்படித்தான். அதை வெளிச்சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.